தாங்காத மண்

நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாள் கழிந்த நான்காம் நாள் காலை, முற்றத்தைக் கடந்து குதிரை லாயத்துக்குப் போய்க்கொண்டிருந்த வோல்ராத் பிரபு பாதி வழியில் நின்றுவிட்டான். காலடியில் ஏதோ சரியில்லை. அந்த வருஷம் பனி முந்திக்கொண்டு இறங்கியிருந்தது. மூன்று நாளாகத் தரை கல்லாக இறுகிக் கிடந்தது. வேலிக்குக் கம்பு நட வந்த ஆட்கள் கடப்பாரையால் இடித்து இடித்துக் கை மரத்துப்போனதுதான் மிச்சம் என்று திரும்பிப் போயிருந்தார்கள். பாரம் ஏற்றிய வண்டியே தடம் பதிக்காமல் கடகடவென்று உருண்டு போன அந்தத் தரையில், அவன் கால் மட்டும் கணுக்கால் வரைக்கும் இறங்கி நின்றது.

திரும்பிப் பார்த்தான். கூடத்து வாசலிலிருந்து அவன் நிற்கும் இடம் வரைக்கும் சேற்றில் மாடு நடந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கறுத்த நீர் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. அழுகிய நாணல் வாடை, வெகுகாலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. இதே வழியில் அவனுக்கு முன்னால் போன காரியக்காரன் தீத்தோவின் தடம் ஒன்றுகூடத் தரையில் இல்லை. இத்தனைக்கும் தீத்தோ இரண்டு ஆள் கனம்.

"என்ன எசமான், மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சா?" லாயத்து வாசலிலிருந்து தீத்தோ குரல் கொடுத்தான்.

"ஒண்ணுமில்ல. நீ போய்ச் சேணத்தைப் பூட்டு."

வோல்ராத் காலை உருவினான். தரை லேசில் விடவில்லை. உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, பிறகு ஈரமான ஒரு சத்தத்தோடு விட்டது. அவன் அவசரமாகக் குனிந்து சருகை அள்ளிக் குழிகளில் போட்டு மூடினான். கோட்டைக்குச் சொந்தக்காரன், நாற்பது வாள் வீரர்களுக்குத் தலைவன், திருடனைப் போலத் தன் கால்தடத்தைத் தானே மறைத்துக்கொண்டிருந்தான்.

பயம் அவனுக்குப் புதிது அல்ல. ஹாவெல் ஆற்றோரம் எல்லையைக் காக்கிற பிரபுவுக்குப் பயம் அன்றாடச் சோறு. நாணலுக்குள்ளிருந்து அம்பு வரும், கூரையில் தீ விழும், பனிக்காலத்தில் ஓநாய் வரும். வந்தால் வாளை எடுக்கலாம், கத்தலாம், ஓடலாம். இதற்கு என்ன செய்வது? அதைவிட மோசம், இது ஏன் வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பர் கடைசியில், மிக்கேல் திருநாளன்று நடந்தது அது. கோட்டை நிற்பது மணல்மேட்டில். புல் முளைக்காது. குதிரைக்குத் தீவனம் இல்லாத எல்லைக் கோட்டை ஒரு குளிர்காலம் தாண்டாது. அடிவாரத்தில் ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு புல்வெளி, இடுப்பளவு புல், மூன்று தரம் அறுக்கலாம். ஆனால் அது அந்த ஆற்றோரத்துப் பூர்வகுடிகளான வெண்டியர்களுடையது. ராதிம் என்ற மீனவனும் அவன் முன்னோரும் எத்தனையோ தலைமுறையாக அறுத்துவந்த இடம். எல்லை நாட்டில் பத்திரமாவது முத்திரையாவது! நிலத்துக்கு வழக்கு வந்தால் உரிமை கேட்பவன் அந்த நிலத்திலேயே நின்று, கையைத் தூக்கி, 'நான் நிற்பது என் தகப்பன் மண்' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். 'பொய்யானால் என்னையும் என் ரத்தத்தையும் மண் தாங்காமல் போகட்டும்' என்று முடிக்க வேண்டும். அவ்வளவுதான். மேற்கொண்டு மண் பார்த்துக்கொள்ளும்.

வோல்ராத் நின்றான், சொன்னான், நிலத்தை வாங்கினான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஏனென்றால், மேற்கே ஏழு நாள் பயணத்தில் இருக்கும் தன் தகப்பன் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு பை செம்மண் கொண்டுவந்து, இரண்டு காலணிக்குள்ளும் பரப்பியிருந்தான். அவன் பாதம் பட்டது தகப்பன் மண்ணில்தானே? சத்தியம் சத்தியம்தானே? சாமர்த்தியத்தை நினைத்து அன்று அவனுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. ராதிம் மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் வலையையும் பிள்ளைகுட்டிகளையும் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் மேலே போய்விட்டான்.

பேராசைக்காரன் என்று அவனைச் சொல்லிவிடலாம், சுலபம். ஆனால் அவன் மனைவி ஓடாவுக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் பிறந்த இரண்டும் அழாமலே பிறந்து, கோட்டைக் கோயிலுக்குப் பின்னால் அடங்கிவிட்டன. மூன்றாவதாவது தங்க வேண்டும், தங்கினால் அதற்குக் குதிரையும் புல்லும் கோட்டையும் இருக்க வேண்டும். அவன் உயிரெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது.

குழிகளைச் சருகால் மூடிய அந்தக் காலையிலிருந்து அவன் மண்ணை மிதிக்காமல் வாழப் பழகினான். மரத்தளம் போட்ட மேல்மாடியிலேயே சாப்பாடு, பஞ்சாயத்து எல்லாம். கோயிலுக்குப் போக முற்றத்தில் பலகை போடச் சொன்னான். இரண்டு நாள் பலகை தாங்கியது. மூன்றாம் நாள் அவன் நடந்த பலகைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தரைக்குள் அமிழ்ந்து, விளிம்பில் கறுத்த நீர் தளும்பியது. காலணிகளை அடுப்பில் போட்டு எரித்தான். புதுக் காலணி தைத்து வந்தது. முதல் நாள் மாலை கழற்றி உதறியபோது, சரசரவென்று செம்மண் கொட்டியது. ஒரு பிடி. மறுநாள் இரண்டு பிடி. அவன் மாடியைவிட்டு இறங்காத நாளிலும் கொட்டியது.

"எசமான் உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு," என்று தீத்தோ வாத்துக்கறியை முன்னால் நகர்த்தியபடி சிரித்தான். "நேத்து நீங்க ஏறுனதும் சாம்பல் குதிரை முனகுச்சு பாருங்க! என்னைத் தூக்கும்போதுகூட அது அப்படி முனகினதில்ல."

வோல்ராத் சிரிக்கவில்லை. அவன் காதில் வேறு சத்தம். தளத்துக்குக் கீழே, தூணுக்குக் கீழே, மேட்டின் அடியாழத்தில் எங்கோ நீர் நகரும் சத்தம். மெதுவாக, அவசரமே இல்லாமல். அவன் அந்த அறையில் எங்கே போய் உட்கார்ந்தாலும் நேர் கீழே வந்து நின்றுகொண்டது.

ஒரு பிற்பகல் ஓடா அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். வெயில் இல்லாத நாள். மெழுகுத்துணி கட்டிய ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் மங்கிக் கிடந்தது.

"என்னங்க, இங்க பாருங்க. கீழ இறங்கிடுச்சு."

"இறங்கிடுச்சுன்னா?"

"தலை திரும்பிடுச்சுன்னு மருத்துவச்சி கிஸ்லா சொல்றா. ஆனா இவ்வளவு கனமா ஒரு புள்ளைய அவ பாத்ததே இல்லையாம். படுத்தா மெத்தையோட சேர்த்து அமுக்குது. எந்திரிக்கவே ரெண்டு பேரு வேண்டியிருக்கு." அவள் சிரித்தாள். "உங்க புள்ளதான், சந்தேகமே இல்ல. பிடிச்ச இடத்தை விடாது."

அவன் கையை இழுத்துக்கொண்டான். உள்ளங்கை சில்லிட்டிருந்தது. என்னையும் என் ரத்தத்தையும். வாயால் சொன்னது அவன்தான். காலணிக்குள் மண்ணைப் போட்டுக்கொண்ட புத்திசாலிக்கு, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் காலணி கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை. ஐயோ, ஐயோ என்று மனசுக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டான். ஓடா முகம் பார்த்துக் கேட்டதற்கு, வீரர்களைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

மறுநாள் விடிந்ததும் யாரையும் கூட்டாமல் ராதிமைத் தேடிப் புறப்பட்டான். ஒரு மணி நேர வழி, அன்று மூன்று மணி நேரம் பிடித்தது. மூடுபனியில் குதிரையின் காது தெரிந்தது, அதற்கப்பால் வெள்ளை. உறைந்த பாதையில் குளம்புச் சத்தமே கேட்கவில்லை. சொதக், சொதக் என்று முழங்கால் வரை இறங்கி ஏறி, வாயில் நுரை தள்ளிக்கொண்டு நடந்தது குதிரை.

ராதிம் குடிசை முன்னால் விலாங்கு மீன்களைப் புகையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"வாங்க பிரபுவே. இறங்கி உக்காருங்க. தரைதான், கடிச்சிடாது."

"இப்படியே பேசறேன் ராதிம். புல்வெளிய நீயே எடுத்துக்க. இன்னைக்கே."

"நல்லா இருக்கே! என்கிட்டயா வாங்கினீங்க, என்கிட்ட திருப்பிக் குடுக்க?"

"விளையாடாதப்பா. எம் பொண்டாட்டிக்கு நாள் நெருங்கிடுச்சு."

அதைக் கேட்டதும் ராதிமின் முகம் மாறியது. கையிலிருந்த மீனைக் கீழே வைத்தான். எரிச்சலும் இரக்கமும் கலந்த குரலில் சொன்னான்: "நீங்க பேசினது மண்ணுகிட்டங்க. என்னை ஏன் கேக்கறீங்க? காலணியக் கழட்டிட்டு, வெறுங்காலோட அங்க போய் நில்லுங்க. மூணு தரம் சொன்னீங்க. மூணு தரம் இல்லைன்னு சொல்லுங்க."

"நின்னா... உள்ள போயிட்டேன்னா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பொய்ச் சத்தியம் பண்ணிப் பாத்ததில்லையே."

புல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகலும் பாதி கழிந்துவிட்டது. காற்று இல்லை. காக்கைச் சத்தம்கூட இல்லை. அறுத்த புல்லின் அடிக்கட்டைகள் பனி பூத்து, கண்ணுக்கெட்டிய வரை நரைத்துக் கிடந்தன. சேணத்தில் உட்கார்ந்தபடியே வலது காலணியின் வாரை அவிழ்த்தான். கவிழ்த்ததும் செம்மண் கொட்டியது. கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு காலணி கொள்ளும் மண்ணா அது? குதிரையின் விலாவோரம் குவியலாகச் சேர்ந்த பிறகுதான் நின்றது.

வெறும் பாதத்தைக் கீழே தொங்கவிட்டான். குளிர் எலும்பில் ஏறியது. பாதத்துக்கு நேர் கீழே, கல்லாக உறைந்திருந்த தரை, சூடான பாலின் மேல் ஏடு அசைவதுபோல ஒருமுறை மெல்ல அசைந்தது. பிறகு அசையவில்லை. காத்திருந்தது.

இறங்கு, என்றான் தனக்குத்தானே. இறங்குடா. பிள்ளைக்காக.

பாதம் இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தது. ஒரு புல் நுனி கட்டைவிரலைத் தொட்டது. அந்த வாடை.

அவன் காலைச் சுருட்டி மேலே இழுத்துக்கொண்டான். அவனால் முடியவில்லை. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அங்கிருந்தே கத்தினான். "இது என் தகப்பன் மண் இல்ல! என் தகப்பன் மண் இல்ல! இல்ல, இல்ல!" சொன்னால் போதாதா? சொன்னதுதானே முக்கியம்? வெறுங்காலாகவும்தானே இருக்கிறேன்? பழைய சாமர்த்தியம் அவன் கேட்காமலே வந்து பக்கத்தில் நின்றுகொண்டது.

குதிரை ஓரடி வைத்தது. டக்.

இன்னொரு அடி. டக். டக்.

உறைந்த தரையில் இரும்பு லாடம் மோதும் சத்தம்! பத்து நாளாக அவன் கேட்காத சத்தம். வோல்ராத் சிரித்தான், அழுதான், குதிரையின் பிடரியில் முத்தமிட்டான். திரும்பும் வழியெல்லாம் அந்த டக் டக் சத்தத்தைச் சங்கீதம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே வந்தான். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்தான். புல்லுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம், குதிரையில் பாதியை விற்றால் ஆயிற்று என்று மனம் கணக்குப் போட்டது.

பொழுது சாயும் நேரத்தில் கோட்டை வாசலுக்குள் நுழைந்தான். தீத்தோ தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"எசமான்! எங்க போயிட்டீங்க? பொறந்தாச்சு! அழுவுது எசமான், நல்லா அழுவுது!"

வோல்ராத் குதிரையிலிருந்து குதித்தான். மறந்துபோய்க் குதித்துவிட்டான். குதித்த பிறகுதான் உறைத்தது. தரை தாங்கியது. ஓங்கி ஒரு மிதி மிதித்தான். உள்ளங்கால் வலித்தது. ஆகா, என்ன சுகமான வலி! முற்றத்தில் அவன் தொம்தொம்மென்று மிதித்து மிதித்துப் போனதைப் பார்த்து, தகப்பனாகிவிட்ட சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று வீரர்கள் கைதட்டினார்கள்.

பிரசவ அறை கீழ்த்தளத்தில், அடுப்பு உள்ள பக்கத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் வெப்பமும் ரத்தத்தின் வாடையும் பிர்ச் விறகின் புகையும் முகத்தில் மோதின. ஓடா கட்டிலில் வெளிறிப்போய், ஆனால் கண்ணெல்லாம் சிரிப்பாகக் கிடந்தாள். மருத்துவச்சி கிஸ்லா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டீங்களா ஐயா! இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா உங்க பொண்ணே நடந்து வந்து கதவைத் திறந்திருக்கும். பாருங்க, முறைப்படி கீழ விட்டிருக்கேன். தூக்குங்க."

அது அவர்கள் வழக்கம். பிறந்ததும் குழந்தையைத் தரையில் விடுவார்கள். தகப்பன் குனிந்து தூக்கினால்தான் அது வீட்டுப் பிள்ளை. அவன் தூக்கும் வரை வேறு கை படக் கூடாது. தூக்காமல் போனால் அதற்குப் பெயரும் இல்லை, பாலும் இல்லை.

அடுப்பு வெளிச்சத்தில் குழந்தை கிடந்தது. சிவந்த, சின்ன, முழுசான உயிர். கையும் காலும் உதைத்துக்கொண்டு. அதன் அடியில், தரைமேல் ஒரு சாண் கனத்துக்குப் புதிதாகப் பரப்பிய கறுத்த மண்.

"இது என்ன மண்?"

தீத்தோ கதவோரம் நின்று பெருமையாகச் சொன்னான்: "நம்ம புது புல்வெளி மண்ணு எசமான்! நேத்தே நானே போய்ப் பாரை போட்டு உடைச்சு ரெண்டு கூடை கொண்டாந்தேன். வாரிசு மொத மொத தொடறது சொந்த மண்ணா இருக்கட்டும்னுதான்."

வோல்ராத் பாய்ந்தான். மண்டியிட்டு இரண்டு கையையும் குழந்தைக்கு அடியில் கொடுத்தான். முதுகு ஈரமாக, இளஞ்சூடாக, உள்ளங்கையில் அடங்கியது. தூக்கினான்.

வரவில்லை.

மறுபடியும் தூக்கினான். தோள் புடைத்தது. பல் நறநறத்தது. குழந்தை ஒரு நூலளவும் எழவில்லை. மாறாக, மெல்ல, மிக மெல்ல, அவன் மணிக்கட்டுகள் மண்ணுக்குள் போயின.

"என்னங்க?" ஓடாவின் சிரிப்பு மங்கியது. கட்டிலிலிருந்து அவளுக்குத் தெரிந்தது அவன் குனிந்த முதுகு மட்டும்தான். "ஏன் யோசிக்கறீங்க?"

"பிடி! கிஸ்லா, வந்து பிடி! சேர்ந்து இழு!"

"நல்லா இருக்கு ஐயா! தகப்பன் தூக்காத புள்ளைய நான் தொடறதா? குடும்பத்துக்கே ஆகாது." அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"தீத்தோ!"

தீத்தோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தலை குனிந்தான்.

குழந்தை அழுகையை நிறுத்தியது. நீலம் கலந்த புதுக் கண்களைத் திறந்து அவனைப் பார்த்தது. கறுத்த மண் அதன் காதோரம் ஏறியது. வோல்ராத் அலறினான். பொய் சொன்னேன் என்றான், என் மண் இல்லை என்றான், மூன்று தரம், முப்பது தரம், மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். வலது கால் இன்னும் வெறுங்காலாகத்தான் இருந்தது. பாதமும் முழங்காலும் அந்த மண்ணில்தான் ஊன்றியிருந்தன. அது அவனைக் கல்லைப்போல் உறுதியாகத் தாங்கியது.

"பொண்ணுன்னு தூக்க மாட்டேங்கறீங்களா?" ஓடா அழ ஆரம்பித்தாள். "ரெண்டு போச்சுங்க. இது உயிரோட வந்திருக்குங்க. பொண்ணா இருந்தா என்னங்க? தூக்குங்க, உங்க காலைப் பிடிச்சுக்கறேன், தூக்குங்க..."

அவன் கைகள் மட்டும் முழங்கை வரை உள்ளே போயிருந்தன. மண் குழந்தையின் கன்னத்தை மூடி, உதட்டோரம் வந்து நின்றது. அது அம்மாவின் மார் என்று நினைத்துக்கொண்டு, குழந்தை மெல்ல வாயைத் திறந்தது.